ஒன்றும் நடக்காத சித்திரம்

சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், மேஜைமேல் கிடந்த சித்திரப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அவருக்கு நாவல் என்றால் உயிர். ராத்திரி சாப்பாடு முடிந்து ஒரு கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், முடித்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பார். சித்திரங்களிடம் அவருக்குப் பகை ஒன்றும் கிடையாது. அவையும் ஏதாவது கதை சொன்னால் கேட்டுக்கொள்வார். பத்துப் பக்கம் புரட்டினார். இன்னும் பத்துப் பக்கம் புரட்டினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "என்ன ஸார் இது? முதல் பக்கத்தில் நாலு சீசா. கடைசிப் பக்கத்திலும் நாலு சீசா. நடுவிலே ஒரு கூஜா வந்தது, போயிற்று. ஆயுசு முழுக்க இந்த மனுஷனுக்கு வேறே வேலையே கிடையாதா?" என்று கேட்டார்.

புத்தகத்திலிருந்தவை ஜார்ஜோ மொராண்டியின் சித்திரங்கள். 1890-இல் இத்தாலியிலுள்ள போலோன்யா நகரத்தில் பிறந்து, 1964-இல் அதே ஊரில் காலமானவர் அவர். நண்பருக்கு அன்றைக்கு ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். பதில் அவருக்கும் திருப்தியாக இல்லை, எனக்கும் இல்லை. கேள்வி நியாயமான கேள்விதான். மொராண்டி ஒருவரைப் பற்றியது மட்டுமல்ல அது. ராஜாக்களும் போர்க்களங்களும் தேவதைகளும் நிறைந்த மகா சித்திரங்களெல்லாம் நம் காலத்து ஓவியர்களுடைய கையைவிட்டுப் போய்விட்டன. ஆனால் ஒரு மேஜை, அதன்மேல் நாலு பாத்திரம், இரண்டு பழம் என்கிற இந்த எளிய வகை மட்டும் போகவில்லை. ஏன்?

முதலில் பேரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்டில் லைஃப்' என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வழங்கிய 'ஸ்டில்லெவன்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. சலனமில்லாத ஜீவன் என்று அர்த்தம் சொல்லலாம். பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் இதே வகையைச் 'செத்துப்போன இயற்கை' என்று அர்த்தம் வரும் பெயரால் அழைக்கிறார்கள். தமிழில் அசையாப் பொருள் சித்திரம் என்று நான் வைத்துக்கொள்கிறேன். ஒரே தட்டிலுள்ள அதே பழத்தைப் பார்த்து ஒருவர் உயிர் இருக்கிறது என்கிறார், மற்றொருவர் செத்துவிட்டது என்கிறார். இந்த வகையின் சரித்திரம் முழுவதும் ஏறக்குறைய இந்த வழக்குத்தான்.

செத்துவிட்டது என்கிற கட்சிக்குச் சாட்சிகள் நிறைய உண்டு. 1600-ஐ ஒட்டிக் காரவாஜ்ஜோ ஒரு பழக்கூடை வரைந்தான். மிலான் நகரத்து அம்ப்ரோஸியானா கலைக்கூடத்தில் இருக்கிறது. முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டை. ஓரத்து இலைகள் காய்ந்து சுருண்டுவிட்டன. டச்சு ஓவியர்களோ இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பீட்டர் கிளாஸ் போன்றவர்கள் மேஜைமேல் ஒரு மண்டையோட்டையே வைத்து, பக்கத்தில் ஒரு கடிகாரத்தையும் கவிழ்ந்த மதுக் கிண்ணத்தையும் வைத்தார்கள். 'அனுபவிக்கிறாயே, அப்பா, இதெல்லாம் எத்தனை நாளைக்கு?' என்று உபதேசம் செய்கிற சித்திரங்கள் அவை. உபதேசம் செய்துகொண்டே வெள்ளித் தட்டின் பளபளப்பையும் பாதி உரித்த எலுமிச்சம்பழத் தோலின் சுருளையும் அவர்கள் எவ்வளவு ஆசையோடு வரைந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், உபதேசத்தை அவர்களே முழுக்க நம்பவில்லையோ என்று தோன்றும்.

இந்த வகைக்கு மரியாதை கிடைக்க வெகு காலமாயிற்று. பாரிஸில் 1648-இல் ஏற்பட்ட ராஜாங்க ஓவியக் கழகத்துக்காக, 1667-ஆம் வருஷத்துச் சொற்பொழிவுகளுக்கு முன்னுரை எழுதிய ஃபெலிபியென், சித்திரங்களுக்குள் ஒரு ஜாதி வரிசையே வகுத்துவிட்டார். சரித்திரமும் புராணமும் உச்சியில். அதற்குக் கீழே மனித உருவம், பிறகு மிருகங்கள், பிறகு நிலக் காட்சி. பழம், பூ, கிளிஞ்சல் எல்லாம் கடைசிப் படி. மனிதனே ஈசுவர சிருஷ்டியின் சிகரம், மனிதனை வரைகிறவனே பெரியவன் என்பது அவருடைய வாதம். எதுவும் நடக்காத சித்திரத்தில் என்ன பெருமை இருக்க முடியும்?

அந்தக் கழகத்துக்குள்ளேயே 1728-இல் ஷார்டேன் என்கிற ஓவியர் நுழைந்தார். குடலை எடுத்து ஆணியில் மாட்டிய ஒரு திருக்கை மீன், கீழே சிப்பிகள்மேல் கால் வைத்து முதுகை வளைத்து நிற்கிற ஒரு பூனை. இந்தச் சித்திரம்தான் அவர் கழகத்துக்குக் கொடுத்தவற்றுள் ஒன்று. பழமும் மிருகமும் வரைகிறவர் என்ற முத்திரையோடுதான் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் 1763-ஆம் வருஷத்துக் கண்காட்சியைப் பற்றி எழுதிய தீதரோ, ஷார்டேனை ஒரு மந்திரவாதியாக மதித்துப் புகழ்ந்தார். தீதரோ பல சித்திரங்களில் நாடகத்தையும் நீதியையும் தேடிய ஆசாமி. அவரே ஓர் ஆலிவ் ஜாடியின் முன்னால் வாயடைத்து நின்றார் என்றால், கடைசிப் படியில் ஏதோ விஷயம் இருக்கத்தான் வேண்டும்.

என்ன விஷயம் என்பதற்கு நான் என் தொழிலிலிருந்துதான் பதில் தேட முடியும். கதை எழுதுகிறவர்களாகிய நாங்கள் பொருள்களுக்குப் பெரிய அநியாயம் செய்கிறோம். என் கதைகளில் ஒரு வெண்கலப் பானை வந்தால், அது எட்டாம் பக்கத்துக்குள் அடகுக்குப் போயாக வேண்டும். வைரத்தோடு வந்தால் ஒன்று அது தொலையும், அல்லது சம்பந்தி சண்டை வரும். ஊஞ்சல் வந்தால் யாரோ ஒருவர் அதில் உட்கார்ந்து அழ வேண்டும். பானை பானையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் ஒரு நாளும் விட்டதில்லை. வாசகரும் விட மாட்டார். "பானையைப் பற்றி ஒரு பாரா எழுதியிருக்கிறாரே, அப்புறம் அந்தப் பானை என்ன ஆச்சு?" என்று கடிதம் போடுவார். கதையில் பொருள்கள் எல்லாம் வேலைக்காரர்கள். கூப்பிட்டபோது வந்து, வேலை முடிந்ததும் போய்விட வேண்டியவை.

அசையாப் பொருள் சித்திரத்தில்தான் அவற்றுக்கு விடுமுறை. கிண்ணத்துக்கு அங்கே எதுவும் நேரப் போவதில்லை. அதனால் அடுத்த பக்கத்துக்கு ஓட வேண்டிய அவசரம் நமக்கும் இல்லை. அந்த அவசரம் போனபிறகு பார்ப்பது ஒன்றுதான் மிச்சம். கிண்ணத்தின் விளிம்பில் வெளிச்சம் எங்கே தொடங்கி எங்கே மங்குகிறது, இரண்டு ஜாடிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி ஜாடிகளைவிட ஏன் கனமாகத் தெரிகிறது என்றெல்லாம் கண்ணில் படத் தொடங்கும். பொழுது விடிந்து பொழுது போனால் ஆயிரம் படங்களைக் கைப்பேசியில் விரலால் தள்ளிவிடுகிற காலம் இது. தள்ளவிடாமல் நிறுத்துகிற ஒரு வகைச் சித்திரம் செத்துப்போகாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை.

மொராண்டியின் வாழ்க்கையும் அவருடைய சித்திரங்களைப் போலத்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போலோன்யாவில் ஃபொந்தாஸ்ஸா தெருவிலுள்ள வீட்டில் மூன்று சகோதரிகளோடு வசித்தார். படுக்கையும் அங்கேதான், சித்திரம் வரைவதும் அங்கேதான் என்று ஒரே அறை. அதற்குள் போக வேண்டுமானால் சகோதரிகளின் அறை வழியாகத்தான் போக வேண்டும். 1930 முதல் 1956 வரையில் ஊர்க் கலைக் கல்லூரியில், செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் கலையைக் கற்றுக் கொடுத்தார். கோடைகாலத்தில் கிரிட்ஸானா என்ற மலைக் கிராமத்துக்குப் போவார். இத்தாலியை விட்டு வெளியே போனதே மிகச் சொற்பம். நிலக் காட்சியும் பூக்களும் வரைந்ததுண்டு. ஆனால் சுமார் 1,350 எண்ணெய்ச் சித்திரங்களில் பெரும்பகுதி இந்தச் சீசாக்களும் ஜாடிகளும் டப்பாக்களும்தான்.

சீசாக்களை அவர் அப்படியே எடுத்து வைத்துவிடவில்லை. கண்ணாடி பளபளத்தால் பார்ப்பவன் பளபளப்பைத்தான் பார்ப்பான், சீசாவைப் பார்க்க மாட்டான். ஆகையால் சிலவற்றுக்குள் வர்ணத்தை ஊற்றி மங்க வைத்தார். சிலவற்றின்மேல் வர்ணம் பூசினார். படிந்த தூசியைத் துடைக்கவில்லை. எண்ணெய்ச் சீசாவா, மருந்துச் சீசாவா, எந்தக் கடைச் சீசா என்பதெல்லாம் மறைந்து, ஓர் உயரமும் ஓர் அகலமும் ஒரு நிறமும் மட்டும் நின்றன. மேஜைமேல் காகிதம் விரித்து, ஒவ்வொன்றும் நின்ற இடத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு வைத்தார். ஓர் அங்குலம் தள்ளி வைத்தால் அவருக்கு அது வேறு சித்திரம்.

இங்கேதான் நண்பர் கேட்காமல் விட்ட, இன்னும் கடினமான கேள்வி வருகிறது. அந்த வருஷங்களில் இத்தாலியில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1922-இல் முஸோலினி ஆட்சிக்கு வந்தார். மொராண்டிக்கு 1930-இல் கிடைத்த ஆசிரியர் பதவி போட்டிப் பரீட்சை எதுவுமில்லாமல், பெயரும் புகழும் பார்த்துக் கொடுக்கப்பட்டது. அதை வாங்கிக்கொண்டார். ஆட்சியின் ஆதரவோடு நடந்த கண்காட்சிகளில் அவருடைய சித்திரங்களும் தொங்கின. 1943-இல் பாஸிஸ எதிர்ப்பாளர்களோடு நட்பு வைத்திருந்தார் என்பதற்காகச் சில நாள் சிறையிலும் இருந்தார். பிறகு கிரிட்ஸானாவுக்குப் போய் அடுத்த வருஷம் வரையில் இருந்தார். 1944 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், அந்த வட்டாரத்திலேயே, மோன்ட்டே ஸோலே மலைச் சரிவுகளில் ஜெர்மன் ராணுவத்தினர் கிழவர்களும் பெண்களும் குழந்தைகளுமாக எழுநூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். மொராண்டியின் சித்திரங்களில் அது இல்லை. யுத்தமே இல்லை. 1943-இல் அவர் கிளிஞ்சல்களை வரைந்தார்.

இதற்குச் சமாதானம் சொல்ல விரும்புகிறவர்கள், அந்தச் சீசாக்களே மௌனமான எதிர்ப்பு என்று சொல்வதுண்டு. எனக்கு அது சம்மதமில்லை. எதிர்ப்பு என்றால் எதிரிக்காவது தெரிய வேண்டாமா? பதவியில் அமர்த்தி மரியாதை செய்த ஆட்சிக்கு அந்தச் சீசாக்களிடம் ஒரு பயமும் இருக்கவில்லை. அவரைக் கோழை என்று ஒதுக்குகிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. அன்றைக்கு அந்தத் தேசத்தின் சுவர்களிலெல்லாம் கூட்டங்களும் வீரர்களும் உயர்த்திய கைகளும் நிறைந்திருந்தன. பார்க்கிறவன் இன்னது நினைக்க வேண்டும் என்று அந்தப் படங்களே தீர்மானித்துவிட்டிருந்தன. மொராண்டியின் சித்திரம் ஒன்றுதான் எதையும் தீர்மானிக்காமல், 'பார்' என்று மட்டும் சொல்லிற்று. இது வீரம் ஆகாது. ஆனால் பார்க்கத் தெரிந்த கண் ஒன்று அந்த இரைச்சலில் குருடாகாமல் மிஞ்சிற்று. அதன் விலை என்ன என்று என்னால் எளிதில் கணக்குப் போட முடியவில்லை. கதை எழுதுகிறவன் எவனும் இந்த விஷயத்தில் அவசரமாகக் கல்லெறிய மாட்டான். நாட்டில் என்னென்னவோ நடந்த வருஷங்களில் நாங்கள் எழுதியவற்றை எடுத்துப் பார்த்தால், எங்களிடமும் சீசாக்கள் அகப்படும்.

இந்த ஆட்சேபத்தை எல்லாரையும்விடக் கூர்மையாகக் கேட்டவர் சினிமாக்காரர் ஃபெலினி. 1960-இல் வெளிவந்த 'லா டோல்சே விட்டா' படத்தில் ஸ்டைனர் என்று ஒரு பாத்திரம். படித்தவன், பண்பட்டவன். அவன் வீட்டுச் சுவரில் மொராண்டியின் சித்திரம் இருக்கிறது. அதிலுள்ள கட்டுப்பாட்டையும் ஒழுங்கையும் மெச்சிப் பேசுகிறான். அதே ஸ்டைனர் பின்னால் தன் இரண்டு குழந்தைகளையும் கொன்றுவிட்டுத் தானும் செத்துப்போகிறான். சுவரிலிருந்த அமைதி அந்த வீட்டைக் காப்பாற்றவில்லை. பிறகு எதற்கு இந்தச் சீசாக்கள் என்று ஃபெலினி கேட்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கேள்வியோடு பல நாள் மல்லாடியிருக்கிறேன். ஸ்டைனர் அந்தச் சித்திரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டான் என்பதுதான் இப்போது என் அபிப்பிராயம். எல்லாம் அதனதன் இடத்தில் வைக்கப்பட்டு, இனி எதுவும் நகராது என்ற நிம்மதியை அவன் அங்கே கண்டான். வாழ்க்கையும் அப்படி நின்றுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டான். அவன் பார்த்தது ஒரு சித்திரத்தை. இரண்டையோ பத்தையோ வரிசையாகப் பார்த்தால் அந்தப் பிரமை போய்விடும். நேற்றுப் பின்னால் இருந்த வெள்ளைச் சீசா இன்று முன்னால் வந்திருக்கும். நீல ஜாடி பாதி மறைந்திருக்கும். மொராண்டியிடம் நிலைத்த அமைதி என்று ஒன்று கிடையவே கிடையாது. அன்றன்றைக்கு அடுக்கி, அன்றன்றைக்குக் கலைத்து, மறுபடி அடுக்குகிற அமைதிதான் உண்டு. நம் வீடுகளில் பெண்கள் தினம் செய்கிற காரியத்துக்கு அது வெகு சமீபம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் மறுநாள் காலையில் மறுபடி அடுப்பில் ஏறுகிறது. ஒழுங்கு என்பதை முடிந்துபோன காரியமாக நினைத்தான் ஸ்டைனர். அதை ஒரு நாளும் முடியாத வேலையாகச் செய்தார் மொராண்டி.

இன்றைய கலைஞர்களிடம் இந்த வகை உயிரோடிருப்பதற்கும் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் பழைய வழக்கை இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். 2001-இல் இங்கிலாந்தில் சாம் டெய்லர்-வுட் என்ற பெண் கலைஞர் தட்டு நிறையப் பழத்தை வைத்துப் படம் பிடித்தார். பல நாள் நடந்ததை நாலு நிமிஷத்துக்கும் குறைவாகச் சுருக்கிவிட்டார். பழங்கள் பூஞ்சணம் பூத்து, அமுங்கி, கறுத்துக் கூழாகின்றன. பக்கத்தில் கிடக்கிற மலிவான பிளாஸ்டிக் பேனா மட்டும் ஒரு மாறுதலும் இல்லாமல் அப்படியே கிடக்கிறது. டச்சுக்காரர்கள் மண்டையோட்டை வைத்தார்கள். இவர் பேனாவை வைத்தார். பழம் அழுகுவதைவிட, பேனா அழுகாதது அதிகம் பயமுறுத்துகிறது.

மறு கட்சிக்கு வெய்ன் தீபோ என்கிற அமெரிக்கரைச் சொல்லலாம். 101 வயது வரை வாழ்ந்து 2021-இல் காலமானவர், மொராண்டியைத் தம் ஆசான்களில் ஒருவராக மதித்தவர். 1963-இல் அவர் வரைந்த 'கேக்குகள்' வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பதின்மூன்று கேக்குகள் கடையில் வைத்ததுபோல் நிற்கின்றன. கேக்கின்மேல் கிரீமைத் தடவுவது போலவே வர்ணத்தைக் கனமாகத் தடவியிருக்கிறார். வேடிக்கை பார்க்கக் கிட்டே போனவர்கள், நிழல்களெல்லாம் நீல நிறமாக இருப்பதைக் கண்டு நின்றுவிடுகிறார்கள். கடைப் பண்டத்துக்கும் இவ்வளவு பார்வை தகும் என்கிறார் அவர்.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்ததாகப் படுவது, டாஸிடா டீன் என்ற ஆங்கிலக் கலைஞர் 2009-இல் எடுத்த சிறு படம். மொராண்டியின் அந்தப் பழைய அறைக்குப் போனார் அவர். சீசாக்களைத் தனியாக ஒரு படம் எடுத்தார். இன்னொன்றில் மேஜைக் காகிதத்தை மட்டும் எடுத்தார். சீசாக்கள் இல்லை. அவை நின்ற இடங்களைக் குறித்த பென்சில் கோடுகள், கோட்டின்மேல் கோடு, வட்டத்துக்குள் வட்டம். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்டில் லைஃப்' என்பதே. எதுவும் நடக்கவில்லை என்று நாம் நினைத்த அறையில் எத்தனை நடந்திருக்கிறது என்பதற்கு அந்தக் காகிதம் சாட்சி. இங்கே வைத்தார், சரிப்படவில்லை. எடுத்தார், அங்கே வைத்தார். ஒரு மனிதன் முப்பது நாற்பது வருஷம் செய்த தீர்மானங்கள் அத்தனையும் கோடுகளாகக் கிடக்கின்றன. கதை வேண்டுமென்றால் இதுவும் ஒரு கதைதான். கொலையும் கல்யாணமும் இல்லாத கதை.

இவ்வளவையும் என் நண்பரிடம் சொல்ல முடியவில்லை. நேற்று மறுபடி வந்திருந்தார். காபி வருவதற்குள் வேறு புத்தகம் கையில் அகப்படாமல் பழையதையே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் எதுவும் பேசவில்லை. ஒரு பக்கத்தைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். திரும்ப முந்திய பக்கத்துக்கு வந்தார். காபி வந்து ஆறிக்கொண்டிருந்தது.

"ஏன் ஸார், இந்த வெள்ளைச் சீசா அந்தப் பக்கத்திலே கொஞ்சம் தள்ளியல்லவா இருந்தது?" என்றார்.